கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு: ஜோடி ஸ்கேட்டிங்கில் மகள் நாடு மாறிய கதை

ஐஸில் ஜோடி ஸ்கேட்டிங் ஆடும் மகள் இனி ஜெர்மனிக்காகப் போட்டியிடப் போகிறாள் என்று தெரிந்ததும், டொரொண்டோவின் ஸ்காபரோவில் எங்களைத் தெரிந்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "கனடாவிலேயே பிறந்த பிள்ளை, கனடாவுக்காகப் போட்டிக்குப் போன பிள்ளை, எப்படி இன்னொரு நாட்டுக்கு விடுவாங்கள்?" விடுவார்கள். அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. எது முதல், எது பிறகு என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு நிறைய நாள் போய்விட்டது. இப்போதெல்லாம் விடிகாலை ரிங்க்கில் தமிழ்ப் பெற்றோரைக் காண்கிறேன். அவர்களில் ஒருவருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தனியாக ஸ்கேட் பண்ணும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஜோடி என்றால், ஒரு பெண்ணும் ஒரு பொடியனும் சேர்ந்து ஆடுவதால், பார்ட்னர் வேண்டும். ஜோடி ஸ்கேட்டிங்குக்கு வரும் பொடியன்கள் எந்த நாட்டிலும் குறைவு. மகளின் பழைய பார்ட்னர் பல்கலைக்கழகம் போவதற்காக ஸ்கேட்டிங்கை விட்டார். அதற்கு முன் இருவரும் கனடாவுக்காக ஒரு ஜூனியர் கிராண்ட் ப்ரீ போட்டிக்கு, அதாவது இளையோருக்கான சர்வதேசப் போட்டிக்கு, போயிருந்தார்கள். பிறகு வந்த கடதாசி வேலை முழுவதையும் அந்த ஒரு போட்டிதான் தீர்மானித்தது. வேறு நாட்டுக்காக எந்தச் சர்வதேசப் போட்டிக்கும் போகாத பிள்ளைக்கு அலைச்சல் பாதிதான்.

பார்ட்னர் தேட இணையத்தில் பட்டியல்கள் உண்டு. கல்யாண விளம்பரம் போலவே இருக்கும். உயரம், எடை, வயது, எந்தெந்த ஜம்ப் வரும், ஊர் மாறச் சம்மதமா என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டிய முதல் விஷயம் சுற்றும் திசை. பெரும்பாலான ஸ்கேட்டர்கள் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள். சிலருக்கு வலப்பக்கம்தான் வரும். இரண்டு பேரும் ஒரே திசையில் சுற்றாவிட்டால் மற்ற எல்லாம் பொருந்தியும் பெரிய பயன் இல்லை. பெர்லினிலிருந்து ஒரு பொடியன் எழுதினான். இடப்பக்கம், மகளைவிட நல்ல உயரம், பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் எல்லாம் கைவசம் இருந்தன. ஜெர்மன் குடிமகன்.

பெர்லினில், ஹோன்ஷோன்ஹவுசன் விளையாட்டு வளாகத்தில்தான் ட்ரைஅவுட், அதாவது இருவரும் சேர்ந்து ஆடிப் பார்ப்பது. முதல் நாள் தூக்கவும் இல்லை, எறியவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு ரிங்க்கைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கோச் அம்மா வேலியோரம் நின்று அவர்களின் முழங்கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரின் முழங்காலும் ஒரே நேரத்தில் மடிகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பிறகு த்ரோ ஜம்ப்: அவன் எறிய, அவள் காற்றில் சுற்றி ஐஸில் இறங்க வேண்டும். பழைய பார்ட்னரைவிட இவன் தூரமாக எறிந்தான். மகள் காற்றில் பழைய கணக்கில், இறங்குவதற்காக உடம்பைத் திறந்து, இடுப்படியாக விழுந்தாள். என் வயிறு பிசைந்தது. அவள் எழும்பி, கையுறையில் ஒட்டிய ஐஸைத் தட்டிவிட்டு, "இன்னொருக்கா" என்றாள். அடுத்ததில் சற்றுக் காத்திருந்து திறந்தாள். வலது காலில், பின்பக்கமாக, நீளமான கோடு கீறிக்கொண்டு இறங்கினாள். கோச் தலையை ஆட்டினார். இந்த ஜோடி சரிவரும் என்று எனக்கு அப்போது பட்டது.

சரி, கடதாசிக்கு வருவோம். கோச் சொன்ன முதல் புத்தி, பெட்டி கட்ட முன் கடிதத்தைக் கேளுங்கள் என்பது. பழைய நாட்டின் ஸ்கேட்டிங் சம்மேளனம் "இவரை விடுவிக்கிறோம்" என்று எழுத்தில் தர வேண்டும். கடைசியாக அந்த நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டிக்குப் போய் ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும். பிறகு புதிய நாட்டின் சம்மேளனம் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்திடம் அனுமதி எடுக்கும்.

இந்தக் கடிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அலியோனா சவ்சென்கோ, புரூனோ மஸோ ஜோடியைப் பாருங்கள். சவ்சென்கோ உக்ரைனில் பிறந்தவர். 2002 ஒலிம்பிக்கில் உக்ரைனுக்காக ஆடினார். 2003இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸுக்கு வந்து, 2005 முடிவில் குடியுரிமை எடுத்து, ரொபின் ஷோல்கோவியோடு 5 முறை உலகச் சாம்பியன் ஆனார். ஷோல்கோவிக்குப் பிறகு பார்ட்னராக வந்த மஸோ பிரான்ஸ்காரர். பயிற்சி தொடங்கிய பிறகும் பிரான்ஸின் விடுவிப்பு 2015 அக்டோபர் வரை இழுபட்டது. 30,000 யூரோ கொடுக்க வேண்டியும் வந்தது. பிறகு ஜெர்மன் மொழித் தேர்வு. அதில் முதலில் தவறி, பிறகு தேறி, 2017 நவம்பரில்தான் குடியுரிமை கிடைத்தது. 2018 பெப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக்கில், முதல் சுற்றான குறும்பிரிவில் 4ஆவது இடம். அடுத்த, நீண்ட சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் 159.31 புள்ளி எடுத்து, மொத்தத்தில் சீன ஜோடியை வெறும் 0.43 புள்ளியால் முந்தித் தங்கம். நாலு நிமிடத்துச் சொச்சம் நடந்த அந்த ஆட்டத்துக்குப் பின்னால் எத்தனை கடதாசி என்று இப்போது எனக்குத் தெரியும். அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

எங்களுக்குக் காசு எதுவும் கேட்கப்படவில்லை. மரியாதையாக ஒரு கடிதம் எழுதினோம். மகள் தன் கையெழுத்தில், தனக்குக் கனடா செய்தவற்றுக்கு நன்றி சொல்லி, ஏன் போகிறேன் என்று விளக்கினாள். கிளப்பில் நிலுவை ஒன்றும் இல்லை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம். பதில் வந்தது. அதை ஸ்கான் பண்ணி மூன்று இடத்தில் சேமித்துவைத்தார் அவளுடைய அப்பா.

ஜெர்மனிக்குக் குடியிருக்கப் போவது நான் பயந்த அளவு கஷ்டமாக இல்லை. கனடா கடவுச்சீட்டு இருந்தால் விசா இல்லாமல் போய், அங்கே இருந்தே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் குடியேறி இரண்டு கிழமைக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு தந்தவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. அறை பார்க்கும்போதே அந்தப் படிவம் தருவீர்களா என்று கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அறை எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம். மருத்துவக் காப்புறுதியும் முதல் நாளிலேயே தேவை.

காத்திருந்த வருடம்தான் மகளுக்குப் பாரமாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் பெட்டியோடு போட்டிக்குப் போவார்கள், இவர்கள் இருவரும் ரிங்க்கில் நிற்பார்கள். ஆனால் ஜோடியாகப் பழக அந்தக் காலம் தேவைப்பட்டது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ட்வீஸ்ட் லிஃப்டில் அவன் மேலே எறிய, அவள் சுற்றி, அவன் அவளை இடுப்பில் பிடிக்க வேண்டும். நேரம் சற்றுப் பிசகினால் அவளுடைய முழங்கை அவன் முகத்தில்தான் படும். அது சீராக வருவதற்குள் அவனுடைய புருவத்தில் தையல் போட வேண்டி வந்தது. போட்டிகளுக்கு நடுவே அதை அவசரமாகப் பழகியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திராது.

ஒலிம்பிக் மட்டும் வேறு கணக்கு. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உலகச் சாம்பியன்ஷிப் வரைக்கும் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். டியானா ஸ்டெலாட்டோ டூடெக் அமெரிக்கர். மக்ஸிம் டெஷோமோடு கனடாவுக்காக 2024இல் மொன்றியலில் உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 40, கனடிய குடியுரிமை இல்லை. அது 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. ஒலிம்பிக்குக்கு இரண்டு பேரும் குடிமக்களாக இருக்க வேண்டும். பெர்லினிலேயே பயிற்சி செய்யும் நிகிதா வொலோதின் ரஷ்யாவில் பிறந்தவர். மினெர்வா ஹாஸவோடு ஜெர்மனிக்காக 2024 உலகப் போட்டியில் வெண்கலமும் 2025இல் வெள்ளியும் எடுத்த பிறகு, 2025இல்தான் ஜெர்மன் குடிமகன் ஆனார்.

ஜெர்மனியில் குடியுரிமைக்குச் சாதாரணமாக 5 வருட வதிவிடம், பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்வு, 33 கேள்விகள் கொண்ட குடியுரிமைத் தேர்வு. அதில் 17 சரியாக இருந்தால் தேறலாம். 2024 ஜூனிலிருந்து பழைய குடியுரிமையை விட வேண்டியதில்லை. இதை வாசித்த அன்று அம்மம்மாவுக்கு முதலில் சொன்னேன். "இவள் எங்கட கனடாவை விடுறாளோ" என்று அவர்தான் மனம் நொந்துகொண்டிருந்தார். கடவுச்சீட்டு ஒன்றுக்காக எண்பதுகளில் எத்தனை நாட்டு வாசல்களில் நின்றவர் அவர். அந்தக் கவலையை லேசாக எடுக்க என்னால் முடியவில்லை.

அம்மம்மாவுக்கு வனெஸா ஜேம்ஸின் கதையையும் சொன்னேன். எங்கள் ஸ்காபரோவில் பிறந்தவர், பெர்முடாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவர். தனியாக ஆடி 2006இல் பிரிட்டிஷ் சாம்பியன். பிறகு பிரான்ஸுக்குப் போய், யானிக் பொனோரோடு 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் ஆடினார். ஒலிம்பிக்கில் ஆடிய முதல் கறுப்பின ஜோடி அவர்கள். மோர்கன் சிப்ரேயோடு 2019இல் ஐரோப்பியச் சாம்பியன். கடைசியில் எரிக் ராட்ஃபோர்டோடு கனடாவுக்கு வந்து, 2022 உலகப் போட்டியில் வெண்கலம். பிறந்த நாட்டுக்காக ஆட அவருக்கு அவ்வளவு காலம் எடுத்தது. அம்மம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப திரும்பியும் வரலாம் என்ன?" என்று கேட்டார். வரலாம் என்றேன்.

போன இலையுதிர் காலத்தில் அனுமதி வந்து, மகள் ஜெர்மனி ஜாக்கெட்டோடு முதல் போட்டிக்குப் போனாள். பின்வரிசையில்தான் முடித்தார்கள். ட்வீஸ்ட் சுத்தமாக வந்தது. இப்போது அவள் கண்ணில் இருப்பது 2030, பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஒலிம்பிக். அதற்குள் குடியுரிமை வேண்டும், அதற்கு முன் பி1. ஜெர்மன் மொழியில் சில இடங்களில் வருவதுபோல வினைச்சொல்லை வசனத்தின் கடைசியில் வைப்பது தமிழ்ப் பிள்ளைக்குக் கஷ்டமில்லை என்று கோச்சிடம் சொன்னாளாம். கோடையில் தேர்வு, கட்டணம் கட்டியாயிற்று.