87 ரூபாய் 25 காசு: வேதாந்தா பங்கைச் சுற்றி ஒரு நாட்குறிப்பு

2020 மே 13

உலோகமும் எண்ணெயும் எடுக்கும் வேதாந்தா நிறுவனத்தின் பங்குகளை இந்தியச் சந்தைகளிலிருந்து விலக்கிக்கொள்ள விரும்புவதாக அதன் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் நேற்று அறிவித்தது. பொதுமக்கள் கையில் இருக்கும் பங்கு ஒன்றுக்கு 87 ரூபாய் 50 காசு தருவதாகச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை சந்தை மூடியபோது இருந்த விலையைவிட இது ஏறக்குறைய 10 சதவீதம் அதிகம் என்று அறிவிப்பு பெருமைப்பட்டுக்கொள்கிறது. ஜனவரியில் இதே பங்கு 150 ரூபாயை ஒட்டி விற்றதை அது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

கோவில்பட்டியிலிருந்து மாமா காலையிலேயே தொலைபேசியில் அழைத்துவிட்டார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட அதிகப் பங்குகள் வைத்திருப்பவர். "மாப்பிள்ளை, வீட்டை விற்கச் சொல்கிறவன் மழைக்காலத்தில்தான் வருவான்" என்றார். மார்ச் சரிவுக்குப் பிறகு இந்தப் பங்கின் விலை இருந்த நிலையைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தில் வேதாந்தாவுக்கு 64.92 சதவீதப் பங்கு உண்டு. அந்தப் பங்கின் இன்றைய சந்தை மதிப்பே 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. 87.50 என்ற விலையில் வேதாந்தா முழுவதற்குமான மதிப்போ 33,000 கோடியைக்கூடத் தொடவில்லை. அப்படியென்றால் ராஜஸ்தான் எண்ணெய் வயல்கள், ஜார்சுகுடா அலுமினியம், லாஞ்சிகர் அலுமினா ஆலை, கோவாவின் இரும்புத் தாது எல்லாம் இலவச இணைப்பா? இல்லை, வேதாந்தாவின் தலையில் இருக்கும் கடனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைக் கழித்த பிறகும் இந்த விலை குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

2020 ஜூன் 7

நேற்று வேதாந்தாவின் நான்காம் காலாண்டு முடிவுகள் வந்தன. 17,132 கோடி ரூபாயைச் சொத்து மதிப்புக் குறைப்பாகக் கணக்கிலிருந்து நீக்கி, காலாண்டு நட்டம் 12,521 கோடி என்று காட்டியிருக்கிறார்கள். பெரும்பகுதி எண்ணெய், எரிவாயுப் பிரிவைச் சேர்ந்தது.

முழுவதையும் வாங்கப் போகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனம், வாங்குவதற்குச் சற்று முன்பு தன் சொத்தின் மதிப்பைக் குறைத்து எழுதுகிறது. சந்தேகம் கிளம்பாமல் இருக்குமா? ஆனால் ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை போன போக்கை நாமும் பார்த்தோம். அமெரிக்காவில் ஒரு நாள் அது பூஜ்யத்துக்கும் கீழே போனது. மதிப்பைக் குறைக்காமல் விட்டிருந்தால் தணிக்கையாளர்கள் கேள்வி கேட்டிருப்பார்கள். குறைப்புக்கு உண்மையான காரணமும் உண்டு, அது வாங்குகிறவருக்கு வசதியான நேரத்திலும் வந்திருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நம்ப வேண்டும் என்று மாமாவும் நானும் அரைமணி நேரம் வாதாடினோம்.

2020 ஜூன் 25

பங்கைச் சந்தையிலிருந்து விலக்கும் தீர்மானம் அஞ்சல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. புரமோட்டர், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் தரப்பு, அல்லாத பங்குதாரர்களின் வாக்குகளில் எதிர்ப்பைப் போல இரண்டு மடங்காவது ஆதரவாக விழ வேண்டும் என்பது விதி. அதைத் தாராளமாகத் தாண்டிவிட்டார்கள்.

87 ரூபாய் போதாது என்று புலம்பிய அத்தனை பேரும் எப்படி ஆதரித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. அவர்கள் ஆதரித்தது விலையை அல்ல, ஏலத்தை. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி அறிவிக்கப்பட்ட தொகை அடிமட்ட விலை மட்டுமே; அதுவும் இப்போது 87 ரூபாய் 25 காசு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இறுதி விலையை ரிவர்ஸ் புக் பில்டிங் முறையில் பங்குதாரர்களே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். விற்பவர் விலை சொல்லும் இந்த வாய்ப்பு கிடைக்கட்டும் என்றுதான் நானும் ஆதரித்து வாக்களித்தேன்.

2020 ஆகஸ்ட் 19

வேதாந்தாவின் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையைத் திறக்க அனுமதி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் நேற்று தீர்ப்பளித்தது. 2018 மே மாதத்தில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஊரைப் பற்றி, அடுத்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, பங்கு விலைக்கு என்ன ஆகும் என்று மட்டும் எழுதுவது கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் இந்தக் குறிப்பேடு பங்கைப் பற்றியது. ஆலை திறக்கும் என்ற நம்பிக்கையில் பங்குக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த வரியை இன்று அடித்துவிடலாம். நான் அதை எப்போதும் சேர்க்கவில்லை.

2020 செப்டம்பர் 27

இப்போது எல்லோரும் சுரங்கத்தை விட்டுவிட்டு வாங்குகிறவரின் பணப்பையை எடைபோடத் தொடங்கியிருக்கிறார்கள். தாய் நிறுவனம் ஆகஸ்டில் 140 கோடி டாலரைக் கடன் பத்திரங்கள் மூலம் திரட்டியது. வட்டி 13 சதவீதம். வங்கிகளிடம் ஏற்பாடு செய்த 175 கோடி டாலரையும் சேர்த்தால் மொத்தம் 315 கோடி டாலர், நம் பணத்தில் 23,000 கோடி ரூபாய். வாங்க வேண்டியவை 169.73 கோடிப் பங்குகள். வகுத்துப் பார்த்தால் பங்குக்கு 135 ரூபாய்.

சந்தையில் பலரும் உச்ச விலை என்று பேசிக்கொள்ளும் தொகை இப்படித்தான் பிறந்திருக்கிறது. ஆனால் கடன் வாங்க முடிகிற அளவுதான் பொருளின் மதிப்பு என்று யார் சொன்னார்கள்? 13 சதவீத வட்டி கொடுத்துக் கடன் வாங்கியாவது ஒருவர் ஒரு பொருளை முழுவதுமாகத் தனதாக்கிக்கொள்ளத் துடிக்கிறார் என்றால், அது தரப்போகும் பணம் அந்த வட்டியைவிட அதிகம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே எனக்குப் படும் பொருள். 2018இல் லண்டன் சந்தையிலிருந்து தாய் நிறுவனத்தை விலக்கியபோதும் குழுமத்தின் தலைவர் அனில் அகர்வால் அவசரத்தில் அதிக விலை கொடுத்தவராகத் தெரியவில்லை.

2020 அக்டோபர் 5

ஏலம் இன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை வரை நடக்கும்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே நேர்மாறு. பங்குச் சந்தையின் இணையதளத்தில், எந்த விலைக்கு எத்தனை பங்குகள் வந்திருக்கின்றன என்ற அட்டவணை நாள் முழுவதும் திறந்து கிடக்கிறது. 87.25இல் ஒரு சிறு குவியல், 100இல் ஒன்று, 150இல் ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்பதே இன்று வேலையாகப் போயிற்று.

மாமாவுக்கு விதியை விளக்கிச் சொன்னேன். குறைந்த விலையிலிருந்து மேல்நோக்கிப் பங்குகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த விலையில் புரமோட்டரின் பங்கு 90 சதவீதத்தை எட்டுகிறதோ அதுவே எல்லோருக்கும் விலை. நீங்கள் 100 கேட்டு, முடிவு 160இல் நின்றால் உங்களுக்கும் 160 கிடைக்கும். நீங்கள் 200 கேட்டிருந்தால் பங்கு திரும்பி வந்துவிடும். ஆனாலும் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு ஓராண்டு வரை அதே 160க்குக் கொடுக்க வழி உண்டு. ஆகவே தனி மனிதருக்குக் குறைவாகக் கேட்பதால் நட்டமில்லை, எல்லோரும் குறைவாகக் கேட்டால் எல்லோருக்கும் நட்டம். "அப்ப அடுத்தவன் கூடக் கேட்கட்டும்னு எல்லாரும் உட்கார்ந்திருப்பான்" என்றார் மாமா. சரியாகப் பிடித்துவிட்டார்.

பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என் டீமேட் கணக்கு பழையது. தரகருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்காதது. அதனால் பங்கை மாற்றிக் கொடுக்கச் சொல்லும் டிஐஎஸ் சீட்டில் பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னையும் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்திட்டு, முகக்கவசத்தோடு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுத்தேன். நான் கேட்ட விலை 170. மாமா கேட்டது 100.

2020 அக்டோபர் 9, இரவு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

எல்ஐசி தன்னிடமிருந்த பங்குகள் அத்தனையையும் 320 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறது. சந்தை விலையைப் போல இரண்டரை மடங்கு. செய்தி வந்ததும் சிறு முதலீட்டாளர்களிடையே ஒரே கொண்டாட்டம். நமக்காக ஒரு பெரிய கை உயர்ந்துவிட்டது, இனி 320தான் என்று பேசுகிறார்கள். நான் அந்தக் கொண்டாட்டத்தில் சேர மாட்டேன். காரணம் கணக்கில் இருக்கிறது.

மொத்தம் 169.73 கோடிப் பங்குகளில் 134.12 கோடி வந்து சேர்ந்தால்தான் 90 சதவீதம் நிறையும். அதாவது 35.6 கோடி மட்டுமே வெளியே நிற்கலாம். எல்ஐசியிடம் இருப்பவை 23.67 கோடி. அதை ஒதுக்கிவிட்டுக் குறைந்த விலையில் ஏலம் வெல்ல வேண்டுமானால், மற்றவர்களில் 12 கோடிப் பங்குகளுக்கு மேல் வராமல் போகக் கூடாது. காகிதப் பத்திரமாகவே பெட்டியில் வைத்திருப்பவர்கள், இறந்துபோனவர்களின் கணக்குகள், கடிதம் பிரித்துப் பார்க்காதவர்கள், எந்த விலைக்கும் கொடுக்க மாட்டேன் என்பவர்கள் என்று கூட்டினாலே 12 கோடி நிறைந்துவிடாதா? ஆகவே எல்ஐசி இல்லாமல் ஏலம் வெல்லாது. எல்ஐசியோடு வென்றால் விலை 320. அந்த விலையில் தேவைப்படும் பணம் 54,000 கோடிக்கு மேல்; பையில் இருப்பதாகச் சொல்லப்படுவது 23,000 கோடி. எனவே 320 என்பது விலையே அல்ல, நாகரிகமாகச் சொன்ன மறுப்பு.

விற்பவர்களே விலை வைக்கலாம் என்றார்கள். வைத்தது ஒரே ஒரு விற்பவர். மாமாவின் நூறும் என் நூற்றெழுபதும் அட்டவணையில் ஒரு வரியைச் சற்றுத் தடிமனாக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கடந்த மாதங்களில் துத்தநாக விலையைப் படித்ததற்குப் பதிலாக எல்ஐசி வாங்கிய விலை என்ன, அதன் முதலீட்டுக் குழு எப்படி யோசிக்கும் என்று படித்தவர்களுக்கே ஏலத்தின் போக்கு முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

பிற்பகல் மூன்றரைக்கு முடிய வேண்டிய ஏலத்தை ஏழு மணி வரை நீட்டித்தார்கள்.

2020 அக்டோபர் 11

முயற்சி தோற்றது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் 320 ரூபாய் அதிகம் என்று யாரும் மறுக்க வேண்டிய நிலையே வரவில்லை, எண்ணிக்கையிலேயே முடிந்துவிட்டது. அட்டவணையில் 137 கோடிக்குச் சற்று மேல் தெரிந்தது; பெரிய நிதியங்களின் பங்குகளுக்கு அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் கஸ்டோடியன்கள் உறுதி தர வேண்டும், அந்த உறுதி கிடைத்தவற்றை மட்டும் எண்ணியதில் 125.47 கோடிதான் தேறியது. 12 கோடிப் பங்குகள் ஏன் கடைசி வரை உறுதியாகவில்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஆவணம் எதையும் காட்டாத கதைகளை இங்கே எழுதி வைக்க விருப்பமில்லை.

2020 அக்டோபர் 12

பங்கு ஒரே நாளில் சுமார் 20 சதவீதம் விழுந்து 100 ரூபாய்க்குக் கீழே வந்தது. ஏலத்தை நம்பிக் கடைசி வாரத்தில் 130 வரை கொடுத்து வாங்கியவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. என் பங்குகள் கணக்குக்குத் திரும்பிவிட்டன.

2020 அக்டோபர் 25

பங்குக்கு 9 ரூபாய் 50 காசு இடைக்கால டிவிடெண்ட். முழுவதையும் வாங்க முடியாதவருக்கும் பாதிக்கு மேல் சொந்தம் என்பதால், இதில் பாதி அவருக்கே போகும். மீதியில் எங்களுக்கும் பங்கு உண்டு. மாமா இன்று உற்சாகமாக இருந்தார்.

2021 ஜனவரி 10

டிசம்பர் கடைசியில் புரமோட்டர் தரப்பு 159.94 ரூபாய் விலையில் ஏறக்குறைய 5 சதவீதப் பங்கைச் சந்தையிலேயே வாங்கியது. நேற்று 160 ரூபாய்க்கு மேலும் 10 சதவீதம் வாங்கத் திறந்த வாய்ப்பை (ஓப்பன் ஆஃபர்) அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை 90 சதவீதம் என்ற வாசற்படி இல்லை. விலையை வாங்குகிறவர் வைப்பார், வந்தவரை எடுத்துக்கொள்வார். எட்டு மாதத்துக்கு முன்பு 87.50 நியாயம் என்றவர்கள் இப்போது தாங்களே 160 என்கிறார்கள். உலோக விலைகள் ஏறியது உண்மைதான். ஆனாலும் இரட்டிப்புக்கு அது மட்டுமே காரணம் என்று நம்பச் சொல்லாதீர்கள். சந்தை விலை 160ஐத் தாண்டியே நிற்பதால் இந்த விலைக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

2021 ஏப்ரல் 11

மார்ச் நடுவில் விலையை 235ஆக உயர்த்தி, 65 கோடிப் பங்குகள் வரை வாங்கத் தயார் என்றார்கள். கடந்த புதன்கிழமை முடிந்ததில் 37.42 கோடி வந்தது. புரமோட்டர் பங்கு இனி 65.18 சதவீதம்.

மாமா தன்னுடையதில் பாதியை 235க்குக் கொடுத்துவிட்டார். பேத்தியின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. வட்டி சுமந்து நிற்கும் தாய் நிறுவனத்துக்குப் பணம் வருகிற முக்கிய வழி இந்த நிறுவனத்தின் டிவிடெண்ட்தான். அவர்கள் தங்களுக்காக ஒரு ரூபாய் எடுக்கும்போதெல்லாம் எனக்கும் ஒரு ரூபாய் தந்தாக வேண்டும். ஆனால் அந்த ரூபாய் இலாபத்திலிருந்து வருகிறதா, புதிய கடனிலிருந்து வருகிறதா என்பதை ஒவ்வொரு காலாண்டும் பார்க்க வேண்டியிருக்கும். மே மாதத்தில் ஆண்டு முடிவுகள் வரும்போது முதலில் நிகரக் கடன் வரியைத் தேடிப் படிப்பதாக இருக்கிறேன்.