சண்டிகரில் தொடங்கி சண்டிகரிலேயே முடிந்த மிக்-21

2025 செப்டம்பர் 26 அன்று, சண்டிகர் விமானப்படைத் தளத்தில் மிக்-21 போர் விமானங்கள் விடைபெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1963இல் இவ்விமானம் இந்திய விமானப்படையில் சேர்ந்ததும் இதே சண்டிகரில்தான். தலைமைத் தளபதி ஏ.பி. சிங்கே ‘பாதல் 3’ என்ற அழைப்புக்குறியுடன் விமானத்தை ஓட்டிவந்தார். அன்று செய்திகளில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல், விபத்துகளால் இதற்கு ஒட்டிக்கொண்ட ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பெயர். அந்தப் பெயர் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

மிக உயரத்தில் வரும் எதிரி விமானத்தை விரைந்து சென்று மறிப்பதற்காகச் சோவியத் ஒன்றியம் வடிவமைத்த விமானம் இது. நாமோ வான்சண்டை, குண்டுவீச்சு, வேவு என எல்லா வேலைகளையும் இதன் தலையில் கட்டினோம். 1965 போரில் இதற்குப் பெரிய பங்கில்லை. 1971இல்தான் இதன் முழுத் திறமையும் தெரிந்தது.

இனி ஏவுகணையே போதும் என்று கருதி, இதன் எஃப்.எல். வகையில் பீரங்கியை எடுத்துவிட்டிருந்தார்கள். பின்னர் வயிற்றுக்கடியில் தனிக்கூடாகப் பீரங்கி பொருத்தப்பட்டது. 1971 டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவின் மேல், பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை விமானி பாரத் பூஷண் சோனி துரத்திச் சென்று கடலில் வீழ்த்தியது, வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அந்தப் பீரங்கியால்தான்.

இரண்டு நாள் கழித்து டாக்காவில் நடந்தது இன்னும் சுவையானது. தாக்க வேண்டிய கட்டடத்தைக் கண்டுபிடிக்க விங் கமாண்டர் பி.கே. பிஷ்னோய் கையில் இருந்தது சுற்றுலாப் பயணிகளுக்கான நகர வரைபடம். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, இலக்கு சர்க்யூட் ஹவுஸ் அல்ல, ஆளுநர் மாளிகை என்று ஒரு துண்டுச்சீட்டு வந்து சேர்ந்தது. ராக்கெட்டுகள் மாளிகையைத் துளைத்த அன்றே கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநர் ஏ.எம். மாலிக் பதவி விலகல் கடிதத்தை எழுதிவிட்டார்.

விபத்துகளை மறைக்க வேண்டியதில்லை. அவற்றில் இறந்த இளம் விமானிகள் பலர். சிறிய முக்கோண இறக்கை கொண்ட இவ்விமானம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையிறங்கும். கணிப்பு சற்றுப் பிசகினாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது. மெதுவான கிரண் பயிற்சி விமானத்தில் பழகியவர்களை, இடையில் வேறு படியே இல்லாமல், இதில் ஏற்றினோம். உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் தேவை என்று, விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டைன் குழு 1982இலேயே சொன்னது. அத்தகைய பயிற்சி விமானமான ஹாக் வந்தது 2008இல். அந்த 26 ஆண்டுத் தாமதத்தையும் இயந்திரத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாக எனக்குப் படவில்லை. மாற்றாக வரவேண்டிய உள்நாட்டுப் போர் விமானமான தேஜாஸ் தள்ளிப்போனதால்தான் கிழ விமானங்கள் இத்தனை காலம் ஓடின என்பது வேறு.

1999 ஆகஸ்டில், கார்கில் போர் ஓய்ந்த பின், பாகிஸ்தானின் அட்லாண்டிக் கண்காணிப்பு விமானத்தை வீழ்த்தியதும் மிக்-21தான். 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் வர்த்தமான் ஓட்டியது நவீனப்படுத்தப்பட்ட பைசன் வகை. அவர் எஃப்-16 ஒன்றை வீழ்த்தியதாக இந்தியா சொல்கிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. அவருடைய விமானம் விழுந்ததில் மட்டும் இருதரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

சண்டிகர் விழாவில், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ‘படிவம் 700’ பாதுகாப்பு அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழுதுகளும் அவற்றைச் சரிசெய்த விவரங்களும் தரைப்பணியாளர்களின் கையெழுத்துகளும் உள்ள ஏடு அது. தண்ணீர் பீய்ச்சி வரவேற்றதைத் திரும்பத் திரும்பக் காட்டிய கேமராக்கள், அந்த ஏட்டின் ஒரு பக்கத்தையாவது நெருங்கிக் காட்டியிருக்கலாம்.