தண்ணீர்மலைக்கு ஒரு காலை

பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள் என்பது தெரிந்தேதான் நாங்கள் செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டோம். அத்தையின் வேண்டுதல் அதற்கு மேலும் தள்ளிப்போடக்கூடியதாக இல்லை. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து பார்வை தெளிந்தால், தண்ணீர்மலையின் 513 படிகளையும் நடந்தே ஏறி வந்து முருகனைத் தரிசிப்பதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். பார்வை தெளிந்துவிட்டது, மருத்துவரும் மெதுவாக ஏறலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவும் அவருடைய அக்காவான அத்தையும் நானும் என் மகளும் என நான்கு பேர் சேர்ந்து போவதென்று முடிவாயிற்று.

திட்டம் போட்டது நான்தான். பத்து ஃபிரிங்கி கடற்கரையோரம் தங்குமிடம், மறுநாள் காலையில் கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில், அதற்கடுத்து ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள், நிறைவாக ஊர் திரும்பும் நாளன்று விடியற்காலையில் தண்ணீர்மலை என்று வரிசைப்படுத்தியிருந்தேன். வேண்டுதலை நிறைவேற்றிய மனநிறைவோடு அத்தை வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே கோயிலைக் கடைசியில் வைத்திருந்தேன். கொடிமலை ரயிலுக்கான சீட்டுகளை, தேதி குறித்து இணையத்திலேயே வாங்கியாகிவிட்டது.

கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் செல்லும் மின்ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஈப்போவும் தைப்பிங்கும் கடந்த பிறகு, தண்டவாளம் புக்கிட் மேரா ஏரியை ஊடறுத்துச் செல்கிற இடத்தில் இருபக்கமும் நீர்ப்பரப்பாக விரியும். அந்த வழியில் நான் மிகவும் விரும்பிப் பார்க்கும் பகுதி அது. மகளுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் தங்குமிடத்திலிருந்து செய்தி வந்தது. கட்டடத்தில் குழாய் உடைந்து அறைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் எங்களுக்கு அறை தர இயலாது என்றும், கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

நான் அதைப் படித்துச் சொன்னதும் அத்தையின் முகம் வாடிவிட்டது. அறை கிடைக்காதது அவருக்குப் பெரிய கவலையாக இல்லை. வேண்டுதலை நிறைவேற்றப் போகும் வழியில் தடங்கல் வந்திருக்கிறதே, இது நல்ல சகுனம்தானா என்பதுதான் அவருடைய அச்சம். இத்தகைய அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, அடுத்த விடுதியைத் தேடக் கைப்பேசியை எடுப்பது மிக எளிது. ஆனால் பயணத்தில் உடன் வருபவரின் மனம் கலங்கியிருக்கும்போது அறையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்றே நான் கருதுகிறேன். அப்பா அதை என்னைவிட நன்றாக உணர்ந்திருந்தார்.

"அக்கா, நாம கடலைப் பார்க்கவா கிளம்பினோம்? முருகனைப் பார்க்கத்தானே கிளம்பினோம். அவரு அங்கேயேதான் இருக்காரு. எங்கே படுக்கிறதுங்கிறதை இறங்கினப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல பசியாறுங்க," என்று சொல்லி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

அந்தச் சில சொற்களில் எங்கள் பயணம் முழுவதும் ஒழுங்குபட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. நான் போட்டிருந்த திட்டத்தில் எல்லாமே ஒரே அளவு முக்கியமானவையாக இருந்தன. கடற்கரை, மலை ரயில், பழைய தெருக்கள், கோயில் ஆகிய அனைத்தும் அடுத்தடுத்த கட்டங்களில் ஒரே அளவு எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் எது இல்லாவிட்டால் நாங்கள் வந்ததற்கே பொருள் இல்லையோ அது ஒன்றுதான், மற்றவற்றை இடம் மாற்றலாம், சுருக்கலாம், விட்டும் விடலாம் என்பது தெளிவானதும் என் பதற்றம் வெகுவாகக் குறைந்தது. பதறாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால் மட்டும் யாருக்கும் பதற்றம் தணிவதாக எனக்குத் தெரியவில்லை. எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது உறுதியாகத் தெரிந்திருக்கும்போதுதான் மற்றதை விட்டுக்கொடுக்க மனம் வருகிறது.

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து, பினாங்குத் தீவுக்குச் செல்லும் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை, பெருநிலத்திலிருந்து தீவுக்கு வண்டிகளைக் கொண்டுபோகப் படகை விட்டால் வேறு வழி இருந்ததில்லை. இளமையில் பட்டர்வொர்த்தின் மாக் மண்டினில் வேலை பார்த்த அப்பா, பண்டிகைக் காலங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதையும், அந்த வரிசையிலேயே மக்கள் சாப்பிட்டு, குழந்தைகளைத் தூங்கவைத்து, பக்கத்துக் காரில் இருப்பவர்களோடு பழகியதையும் கடலைக் கடக்கும்போது சொல்லிக்கொண்டே வந்தார். காத்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதியாகவே அன்று இருந்திருக்கிறது. கார்களையும் ஏற்றிச் சென்ற அந்தப் பழைய படகுகள் 2020-ஆம் ஆண்டின் முடிவோடு சேவையிலிருந்து நின்றுவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் மட்டுமே செல்ல முடியும்.

படகில் இருந்தபடியே ஜார்ஜ்டவுனின் குவீன் தெருவுக்கு அருகில் ஒரு சிறிய தங்கும் விடுதியில் இரண்டு அறைகள் கிடைத்தன. கடல் இல்லை, நீச்சல் குளம் இல்லை. ஆனால் எதிர்ப்பட்ட கடைகளிலெல்லாம் தமிழ் கேட்டது, மாலையில் மகாமாரியம்மன் கோயில் மணியோசை அறைக்குள்ளேயே வந்தது. 1833-இல் எழுப்பப்பட்ட கோயில் அது. பத்து ஃபிரிங்கியில் தங்கியிருந்தால் காரில் வந்து அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்போம். இப்போதோ, சாயரட்சை பூசைக்கு அத்தையும் அப்பாவும் நடந்தே போய் வந்தார்கள்.

கோயிலுக்கு வெளியே மாலை கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மாவிடம் அத்தை தன் வேண்டுதலைச் சொல்லியிருக்கிறார். அவர் கைவேலையை நிறுத்தாமல், "இந்த மாசத்துல மத்தியானம் ஆனா மழை பிடிச்சிக்கும்மா, சில நாள் ராத்திரி முழுக்க விடாது. இன்னிக்கு வானம் தெளிஞ்சிருக்கு. வேண்டுதலை முதல்ல முடிச்சிடுங்க, கடைசி நாளுக்கு வைக்காதீங்க," என்று சொன்னாராம். அறைக்குத் திரும்பிய அத்தை அதைத் தயக்கத்தோடுதான் எங்களிடம் சொன்னார், ஏனென்றால் மறுநாள் காலை கொடிமலை ரயிலுக்குச் சீட்டு வாங்கியிருப்பது அவருக்குத் தெரியும்.

என்னைப் பொறுத்தவரை பயணத்தின் உண்மையான திருப்பம் அந்த இரவில்தான் நிகழ்ந்தது. தங்குமிடம் கைவிட்டுப்போனது பிறரால் நேர்ந்த மாற்றம், அதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இதுவோ நாங்களாகவே தீர்மானிக்க வேண்டிய மாற்றம். பணம் கட்டி வாங்கிய சீட்டு கையில் இருக்கும்போது, அது வீணாகிவிடக் கூடாதே என்பதற்காகவே, அதைவிடப் பெரிய ஒன்றை இழக்க மனிதர்கள் துணிந்துவிடுகிறோம். நான்கு சீட்டுகளின் விலையையும், மழையில் நனைந்த படிகளில் வயதான ஒருவர் ஏறும் ஆபத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது, முடிவெடுக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

கடினமாக இருந்தது மகளிடம் சொல்வதுதான். 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த மலை ரயிலைப் பற்றிப் பள்ளியில் ஒப்படைப்பு எழுதியவள் அவள். தண்டவாளத்தின் சரிவையும் பெட்டிகளை மேலிழுக்கும் கம்பிவடத்தையும் படமாகவே வரைந்திருந்தாள். மாலையில் போகலாம், நாளை மறுநாள் போகலாம் என்று ஏதாவது சொல்லி அவளைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் மழை இருந்தால் அதுவும் பொய்யாகிவிடும். நாளை போகவில்லை, இந்தப் பயணத்தில் போகாமலே திரும்பவும் நேரலாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் அழுதாள், சாப்பிட மறுத்தாள். பின்பு, "சரிம்மா, அப்ப கோயிலுக்கு அப்புறம் எங்க போறதுன்னு நான்தான் சொல்வேன்," என்றாள். அந்த நிபந்தனை மிகவும் நியாயமாகப் பட்டது. திட்டம் மாறும்போது ஒருவருடைய விருப்பம் கைவிடப்படுமானால், மாறிய திட்டத்தில் அவருக்கு ஒரு பங்கு இருக்கவே வேண்டும்.

மறுநாள் இருள் பிரியும் முன்பே தண்ணீர்மலை அடிவாரத்தில் இருந்தோம். அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம் இன்று காணும் பெரிய வடிவில் 2012-இல் குடமுழுக்குக் கண்டது. தைப்பூசத்தின்போது இந்தப் படிகளில் கால்வைக்க இடமிருக்காது. அன்றோ படிகள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. அத்தை எங்கள் கையைப் பிடிக்க மறுத்து, கைப்பிடிச் சுவரை மட்டும் பற்றிக்கொண்டு, சில படிகளுக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். அவருடைய வேகத்துக்கு மேல் யாரும் ஒரு படிகூட முன்னே போகக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உச்சியை அடைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. தரிசனம் முடித்து வெளியே வந்து நின்ற அத்தை, யாரும் காட்டாமலேயே, "அதோ கொம்தார் கட்டடம், அதுக்கு அந்தப் பக்கம் கடல்," என்று விரல்நீட்டிச் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு முன் வீட்டு வாசலில் நிற்பவர் யார் என்பதுகூட அவருக்குக் குரலைக் கேட்டால்தான் தெரியும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

இந்த ஆலயத்தின் வரலாற்றிலேயே ஓர் இடமாற்றம் இருக்கிறது என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. முருகனுக்கான பழைய சன்னிதி தாவரவியல் பூங்காப் பக்கத்து அருவிக்கு அருகில்தான் இருந்தது; தண்ணீர்மலை என்ற பெயரும் அந்த அருவியை ஒட்டியதே. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அருவி நீர் நகரின் குடிநீருக்காகப் பாதுகாக்கப்பட்டபோது வழிபாடு அங்கிருந்து அகற்றப்பட்டு, பின்னர் மலைமேல் நிலைபெற்றது. அன்று அந்த மாற்றத்தை ஏற்க நேர்ந்தவர்கள் எவ்வளவு வருந்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் அவர்கள் வழிபாட்டைக் கைவிடவில்லை, புதிய இடத்திற்கு அதைக் கொண்டுபோனார்கள்.

மகள் தேர்ந்தெடுத்த இடமும் அதே சாலையின் முடிவில் இருக்கும் அந்தத் தாவரவியல் பூங்காதான். 1884-இல் தொடங்கப்பட்ட பூங்கா அது. பைகளைப் பறித்துக்கொள்ளும் குரங்குகளிடமிருந்து எங்கள் பிரசாதத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். நாகலிங்க மரத்தின் அடியில் உதிர்ந்து கிடந்த பூவொன்றை எடுத்து, இதழ்களுக்குள் லிங்கமும் அதன்மேல் படமெடுத்த நாகமும் தெரிவதை அத்தை அவளுக்குக் காட்டினார். கண்ணுக்கு இத்தனை அருகில் வைத்து இத்தனை நுணுக்கமாக அவர் ஒன்றைப் பார்ப்பதை நான் கண்டு வெகுகாலமாயிற்று. மலை ரயிலில் போயிருந்தால் இந்தக் காட்சி எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆயினும் அதைக் காரணம் காட்டி, எல்லாம் நன்மைக்கே என்று மகளிடம் நான் சொல்லவில்லை. அவளுடைய ஏமாற்றம் உண்மையானது, அதை அழித்துவிட எனக்கு உரிமையில்லை.

பிற்பகலில் பூக்கார அம்மா சொன்னபடியே மழை வந்தது. இடியும் மின்னலுமாக, கொடிமலை இருக்கும் திசையே மறைந்துபோகும் அளவுக்குப் பெய்தது. கிள்ளானிலிருந்து கைப்பேசியில் அழைத்த உறவினர் ஒருவர், கார் பிடித்து இங்கே போங்கள் அங்கே போங்கள் என்று ஒரு பட்டியலே தந்தார். அன்பினால் சொன்னார் என்றாலும், அதை நாங்கள் ஏற்கவில்லை. நழுவிப்போனதை ஈடுகட்ட வேண்டும் என்று மிச்சமிருக்கும் பொழுதில் எல்லாவற்றையும் திணிக்க முயல்வது, மாற்றத்தை ஏற்றுக்கொள்வது ஆகாது; பழைய திட்டத்தை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அது.

ஜார்ஜ்டவுனில் மழைநாளில் நடப்பதற்கு அஞ்சடி இருக்கிறது. பழைய கடைவீடுகளின் மாடியைத் தாங்கும் தூண்களுக்கு உட்புறமாக, கடைக்குக் கடை தொடரும் அந்த நடைபாதையில், வெயிலும் மழையும் படாமல் வெகுதூரம் போகலாம். சில இடங்களில் மோட்டார் சைக்கிள்களும் சரக்குப் பெட்டிகளும் வழிமறிக்கும். அங்கே மட்டும் குடை விரித்துத் தெருவில் இறங்கி ஏறினோம். முன்பு பிட் தெரு எனப்பட்ட மஸ்ஜித் காப்பித்தான் கெலிங் சாலையில் சிறு தொலைவுக்குள்ளேயே, 1818-இல் கட்டப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் 1801-இல் நிறுவிய பள்ளிவாசல் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. மழை வலுத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வாசலில் நின்றோம். குவான் யின் கோயில் முன்பு அத்தை, தனக்குத் தெரிந்த மலாயில், ஊதுவத்தி விற்ற சீனப் பாட்டியோடு நெடுநேரம் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவரும் அதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவராம்.

ஊர் திரும்பும் நாளிலும் கொடிமலைமேல் மேகம் கலையவில்லை. கோலாலம்பூர் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தும் மகளே போக வேண்டாம் என்றுவிட்டாள். மேலே போனாலும் ஒன்றும் தெரியாது, வடத்தையும் சரிவையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது அவள் வாதம். அடுத்த பயணத்தை மழை குறைந்திருக்கும் பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். போகவர மின்ரயில் சீட்டுகளையும் குவீன் தெரு அறைகளையும் மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யப்போகிறேன். மலை ரயிலுக்கு எந்தக் காலையில் கிளம்புவது என்பதை, அன்றன்று வானத்தைப் பார்த்து மகள்தான் சொல்வாள்.