ஈரோட்டுக் கேள்வியும் இங்கிலாந்துக் கேள்வியும்

ஈரோட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவருக்கு நாத்திகம் புதிதல்ல. பெரியார் பிறந்த ஊர்; 1925-ல் அவருடைய குடிஅரசு பத்திரிகை அங்கிருந்துதான் கிளம்பியது. "ஏனுங், சிலுவையில இருந்து தன்னையே காப்பாத்திக்காத சாமி உங்களை எப்படிங் காப்பாத்தும்?" என்று டீக்கடையில் கேட்பவரோடு சிரித்துப் பேசிப் பழகிய ஆட்கள் நாம். அந்தத் தைரியத்தில், நர்ஸ் வேலைக்கோ கம்ப்யூட்டர் வேலைக்கோ இங்கிலாந்து போகிறவர்கள், ஊரில் சொன்ன பதிலையே அங்கேயும் இங்கிலீஷில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். எடுபடாது. ஈரோட்டுக்காரர் கேட்பது, உன் சாமியால் யாருக்கு என்ன விடிந்தது, சாதி ஒழிந்ததா என்று. இங்கிலாந்துக்காரர் கேட்பது, அது நடந்ததா, உனக்கு எப்படித் தெரியும் என்று.

கிறிஸ்தவ நாட்டுக்குத்தானே போகிறோம் என்ற நினைப்பையும் பெட்டியில் வைக்க வேண்டாம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துத் தன்னைக் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 46.2 சதவீதம், மதம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். வெள்ளைக்காரர் எல்லாரும் வேதக்காரர் என்று ஊரில் நினைப்பதோடு இந்தக் கணக்கு ஒத்துவராது.

கேள்வி பெரும்பாலும் டீ இடைவேளையில், பாதி வேடிக்கையாக வரும். 3 நிமிடத்தில் முடிகிற பதிலே அங்கே பதில். அவர் 'சுவாரசியமாக இருக்கிறதே' என்று சொல்லிக் கோப்பையைக் கழுவப் போனால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பின்னாலேயே போய் இரண்டாம் பாகம் ஆரம்பிக்கக் கூடாது. மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்குள்ள செவிலியர் நடத்தை விதி, சொந்த மத நம்பிக்கையைப் பொருத்தமில்லாத விதத்தில் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது. நம் ஊரில் படுக்கைப் பக்கம் நின்று "ஜெபம் பண்ணட்டுங்களா அம்மிணி?" என்பது அன்பு. அங்கே நோயாளி கேட்காமல் நீங்களாக ஆரம்பித்தால் புகாராகி விசாரணை வரை போகலாம். நோயாளியே கேட்டால், மருத்துவமனைகளில் அதற்கென்றே இருக்கும் ஆன்மிகப் பணியாளரிடம் சொல்லிவிடுவது நல்ல வழி.

அடுத்த சிக்கல் சொல்லில். 'விசுவாசம்' என்பதை 'ஃபெய்த்' என்று சொன்னதும், ஆதாரமில்லாமல் நம்புவது என்றே சந்தேகக்காரர் எடுத்துக்கொள்வார். நம் பேச்சில் 'நம்பிக்கையான ஆள்' என்றால் பழகிப் பார்த்துத் தேறிய ஆள். ஊரில் சீட்டுப் போடுகிறவரிடம் பணத்தைக் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அவர் முன்பு யார் யாருக்கு ஒழுங்காகக் கொடுத்தார் என்று விசாரித்துவிட்டு. ஆனாலும் கொடுக்கிற அன்றைக்கு முழு உறுதி இருக்காது. 'ஃபெய்த்' என்பதைவிட 'டிரஸ்ட்' என்று சொல்லி இந்தச் சீட்டுக் கதையை எடுத்துவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

இனி 'நடந்ததா' என்ற கேள்வி. வேதத்தை ஏற்காதவரிடம் 'வேதத்தில் இருக்கிறது' என்று தொடங்குவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தப்பு. வெளியே இருந்து தொடங்குங்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவர், கி.பி. 116-ஐ ஒட்டி எழுதியபோது, பேரரசர் திபேரியு ஆட்சியில் யூதேயா ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் இஸ்ரேல் கடற்கரையிலுள்ள செசரியாவில் கிடைத்தது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் இயேசுவைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவருடைய நீண்ட பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கை வைத்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலான அறிஞர் முடிவு. அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் மற்ற நல்ல சாட்சிகளும் அதோடு சேர்ந்து விழும்.

கொங்குக்காரர் கையில் இன்னொரு துருப்பு உண்டு. கோவை வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியு காசுகளே அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மணிக்கற்கள் போய்க் காசு வந்த தடம் அது. 'இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்கு' என்று இயேசு சொன்ன பேச்சில் வரும் காசும் திபேரியுவுடையதாக இருக்கலாம் என்பது வழக்கமான கருத்து. கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் அந்தக் காசு நிரூபிப்பது திபேரியுவை மட்டும்தான், உயிர்த்தெழுதலை அல்ல. இழுத்து நீட்டினால் காசும் செல்லாக்காசு ஆகிவிடும்.

உயிர்த்தெழுதலுக்கு வந்தால் 1 கொரிந்தியர் 15-தான் அடி. கி.பி. 50-களின் நடுவில் பவுல் எழுதிய கடிதம். சிலுவைக்குச் சுமார் 20, 25 வருடம் கழித்து. அதிலும் 'நான் பெற்றுக்கொண்டதை' ஒப்புவிக்கிறேன் என்று பவுல் சொல்வதால், கிறிஸ்து எழுந்து பலருக்குத் தோன்றினார் என்ற அந்த வாக்குமூலம் கடிதத்தைவிடப் பழையது. இது சொல்வது, சீக்கிரமே பலர் அப்படி நம்பினார்கள் என்பதை. ஏன் நம்பினார்கள் என்பதில்தான் அவரும் நீங்களும் பிரிகிறீர்கள். அந்த இடத்தைக் காட்டிவிட்டாலே போதும்.

வேதாகமத்தைப் பிற்காலத்தில் மாற்றிவிட்டார்கள் என்பார்கள். கி.பி. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் ஓட்டுப் போட்டுப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தவறு. அங்கே வழக்கு, தேவகுமாரனான இயேசு பிதாவுக்குச் சமமா என்பது பற்றி. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 புத்தகங்களும் அப்படியே ஒரு பட்டியலில் வருவது 367-ல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் கடிதத்தில். மாற்றமே இல்லை என்று சாதிப்பதும் தவறுதான். மாற்கு 16:9 முதல் 20 வரையும், யோவான் 8-ல் வரும் விபசார ஸ்திரீயின் சம்பவமும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. ஊர் ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் புதிதாகப் போன பிள்ளைகள் முதல் முறை கேட்டதும் ஆடிப்போகிறார்கள்.

'எங்கள் நாட்டுக்காரர் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன மதம்தானே?' என்று வெள்ளைக்காரரே வருத்தத்தோடு கேட்பதும் உண்டு. கோவை ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1799-ல், திப்பு விழுந்த பிறகு. இத்தாலியக் கத்தோலிக்கக் குரு இராபர்ட் தெ நொபிலி சேலத்துக்கு வந்தது 1623-ல். அங்கே அப்போது எந்த ஐரோப்பியர் ஆட்சியும் இல்லை. கத்தோலிக்கர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள் இன்னும் கொஞ்சம் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர்களுக்கு முன்னோடியான லண்டன் மிஷனின் பாதிரியார் அடிஸ் கோவைக்கு வந்தது 1830-ல், கம்பெனி ஆட்சியின் நிழலில்.

துன்பம் பற்றிய கேள்விதான் உள்ளபடியே கனமானது. இங்கே நம் ஆட்கள் வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிடும்: 'அவங்கவங்க செஞ்ச பாவம்', 'விதி', 'கர்த்தர் சோதிக்கிறாரு'. முதல் இரண்டும் கிறிஸ்தவப் பதிலே அல்ல. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று லூக்கா 13-ல் இயேசுவே மறுக்கிறார். எல்லாம் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். ஆகவே முதலில் பாருங்கள்: கேட்பவர் தத்துவம் கேட்கிறாரா, போன மாதம் அம்மாவை இழந்தவரா? தத்துவம் என்றால், சுயமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு என்பதிலிருந்து பேசலாம். மனிதன் செய்யும் கொடுமைக்கு அது ஓரளவு பொருந்தும், பூகம்பத்துக்கும் குழந்தைக்கு வரும் புற்றுநோய்க்கும் நொண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவை இழந்தவர் என்றால் டீ போட்டுக் கொடுங்கள்.

அறிவியல் சண்டையில் இறங்கவே வேண்டாம். பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிபோட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்ற ஒரு வரி போதும்.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவருக்கு 'உத்தரவு சொல்ல' ஆயத்தமாயிருங்கள் என்கிறது பேதுருவின் கடிதம். பழைய மொழிபெயர்ப்பில் அது பதில் என்ற பொருளில் வருகிறது. சாமி கனவில் உத்தரவிட்ட பொருளை வைக்கும் சிவன்மலைக் கோயில் உத்தரவுப் பெட்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் கட்டளையாகத்தான் காதில் விழும். சிலர் பேசுவதும் அப்படித்தான் இருக்கிறது. அதே வசனத்தில் 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' என்றும் இருக்கிறது. தெரியாததற்கு 'திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லி, திங்கட்கிழமை மறக்காமல் போய்ச் சொல்வது நல்ல மரியாதை.

பொங்கல் விழாவுக்குத் தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் பழைய ஈரோட்டுக் கேள்வி அங்கே காத்திருக்கும்: "உங்க கோயில்ல மட்டும் சாதி இல்லீங்களா?" இருக்கிறது. சாதி பார்த்துத்தான் பெண் எடுக்கிறோம். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்னும் கலாத்தியர் 3:28-ஐக் காட்டி மழுப்பாமல், அந்த வசனத்தின்படியே நாங்கள் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர நேர்மையான பதில் இல்லை.

மான்செஸ்டர் பக்கம் இருப்பவர்கள், டீன்ஸ்கேட்டில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்குக் கேள்வி கேட்ட நண்பரையும் கூட்டிப் போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. யோவான் 18-ஆம் அதிகாரத்தின் பாப்பிரஸ் துண்டு அங்கே இருக்கிறது. சுமார் 9-க்கு 6 செ.மீ., உள்ளங்கையில் அடங்கும். எழுத்தமைதியை வைத்து 2-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். முற்பாதியா பிற்பாதியா என்பதில் சண்டை இருக்கிறது. பின்பக்கம் பிலாத்து பேசும் இடம். 'சத்தியமாவது என்ன' என்று அவன் கேட்கிற சொற்கள் கிழிந்துபோன பக்கம் போய்விட்டன.