பேலா லுகோசி: ஒரு வேடத்தில் குடியேறியவர்

‘டிராகுலா’ படத்தால் பெயர் பெற்ற நடிகர் பேலா லுகோசி 1882இல் பிறந்த லுகோஸ் என்ற ஊர் அன்று ஹங்கேரியில் இருந்தது, இன்று ருமேனியாவில் இருக்கிறது. குடும்பப் பெயர் பிளாஷ்கோ. மேடைக்காக ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். 1913இல் புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் சேர்ந்தார். கிடைத்தவை பெரும்பாலும் சின்ன வேடங்கள். 1919இல் ஹங்கேரியில் அமைந்த பேலா குன்னின் கம்யூனிச ஆட்சியில் நடிகர் சங்கம் கட்ட முன்னின்றார். சில மாதங்களில் ஆட்சி கவிழ, சங்கத்து ஆட்களுக்கு அங்கே இருக்க முடியவில்லை. வியன்னா, பிறகு பெர்லினில் சில ஊமைப் படங்கள், அப்புறம் சரக்குக் கப்பலில் கூலியாளாக 1920 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ். நியூயார்க்கின் குடியேறிகள் சோதனை நிலையமான எல்லிஸ் தீவில் முறைப்படி குடிவரவு விசாரணை நடந்தது அடுத்த ஆண்டில்தான்.

நியூயார்க்கில் முதல் பிழைப்பு தாய்மொழியில்: ஹங்கேரியக் குடியேறிகளுக்கு நாடகம் போடும் குழு. சோறு கிடைக்கும், அந்த வட்டத்துக்கு வெளியே பெயர் தெரியாது. 1922இல் ‘தி ரெட் பாப்பி’ என்ற ஆங்கில நாடகத்தில் வாய்ப்பு வந்தபோது வசனங்களை வெறும் ஒலியாகவே நெட்டுருப் போட்டார்.

இந்த முறையில் கால் இடறுவது தன் வசனத்தில் அல்ல, எதிரில் நிற்பவர் வசனத்தில். அவர் முடிக்கும் கடைசி ஒலிதான் நமக்கு அடையாளம். அவர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் சமாளிக்க ஒரு சொல்கூடக் கையில் இருக்காது. ஹங்கேரியத்தில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் இடம் மாறும். ஆங்கில ‘டபிள்யூ’ ஒலியும் ஹங்கேரியத்தில் கிடையாது, நாக்கு ‘வி’க்குப் போய்விடும். லுகோசியின் பேச்சில் எல்லாரும் நடித்துக் காட்டுகிற அந்த இழுவையில் பாதி இதுதான்.

1927 அக்டோபரில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் ஃபுல்டன் அரங்கில் ‘டிராகுலா’ நாடகம் தொடங்கி 261 காட்சிகள் ஓடியது. அவர் ஏற்றது ரத்தம் குடிக்கும் வெளிநாட்டுப் பிரபு பாத்திரம் என்பதால் அந்த உச்சரிப்பே சரக்காகிவிட்டது. 1931இல் வந்த படத்திலும் அவர் புரியாமல்தான் பேசினார் என்பது சுத்தக் கட்டுக்கதை. அதற்குள் பல ஆண்டுகள் ஆங்கில மேடையில் நின்றவர். படத்தில் அவர் பேசும் நிதானம் மேடையிலிருந்து வந்தது. அந்தப் பட வேடத்துக்காக அவரே விடாமல் முட்டி மோதினார். படமெடுத்த யூனிவர்சல் ஸ்டூடியோ தந்தது வாரம் 500 டாலர், ஏழு வாரத்துக்கு 3,500. தவிப்பது தெரிந்தால் பேரம் படியாது, எந்த ஊரானாலும்.

அதே ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. ஹாலிவுட் நடிகர் சங்கம் தொடங்கியபோது ஆரம்ப உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ஊரைவிட்டுத் துரத்திய அதே சங்க வேலைக்கு இங்கே மறுபடி பெயர் கொடுத்தது சாதாரணத் துணிச்சல் அல்ல.

ஆனால் வேடங்கள் குறுகின. சாதாரண அமெரிக்கராக நடிக்க நாக்கு விடவில்லை. 1936க்குப் பிறகு திகில் படங்கள் ஏறக்குறைய நின்றபோது வேலையும் போனது, வீடும் போனது. 1938இல் பழைய ‘டிராகுலா’வை மறுபடி திரையிட்டு வசூல் குவிந்த பிறகே ஸ்டூடியோக்கள் திரும்பிப் பார்த்தன.

அப்படி வந்ததுதான் 1939இன் ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’. அதில் அவருக்கு வேடம், தூக்கிலிட்டும் சாகாமல் கழுத்து முறிந்து பிழைத்த இகோர். தாடி, கோணல் கழுத்து, கரகரத்த குரல், நடுவே நமட்டுச் சிரிப்பு. மேலங்கிப் பிரபுவின் சாயல் துளியும் இல்லை. அவரைப் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘டிராகுலா’வைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைப் பார்ப்பது நல்லது.