கொட்டகைக்கு எதிரே ஒரு ஜன்னல்

ஜூன் 9, திங்கள்

இந்தக் குடியிருப்பை விட்டுப் போகும் எங்களுக்கு வேறிடத்தில் வீடு ஒதுக்கும் குலுக்கல் தேதியை இன்றும் சொல்லவில்லை.

கல்யாண சீசன் ஓய்ந்துவிட்டதால் கீழே தகரக் கொட்டகையில் நான்கு குதிரைகளும் பகல் முழுக்க நிற்கின்றன. சௌகார்பேட்டைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைப் பெண்குதிரையும், நெற்றியில் பொட்டுள்ள செம்பழுப்புக் குதிரையும் எப்போதும் தலைமாற்றி ஒட்டியே நிற்கும். ஒன்றின் வால் மற்றொன்றின் முகத்தில் மொய்க்கும் ஈக்களை விரட்டுகிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் விலங்கியல் நடத்திய நான், குதிரையின் குளம்பு எப்படிப் பரிணமித்தது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். இரண்டு குதிரைகள் ஏன் இப்படி நிற்கின்றன என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை.

ஜூன் 11, புதன்

காலையில் லாரித் தண்ணீர் வந்தது. வரிசையில் யார் குடம் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பச்சைக் குடத்துக்குப் பின்னால்தான் நீலக் குடம், அதற்குப் பின்னால்தான் என்னுடையது. இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் நடுவில் குடத்தை நுழைத்தபோது எதிர்வீட்டு அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். குடம் பின்னால் போயிற்று.

மாலையில் கொள்ளு வைத்தபோது கொட்டகையிலும் அதையே கண்டேன். செம்பழுப்பு காதுகளைப் பின்னால் படியவைத்துக் கழுத்தைச் சற்றே நீட்டியது; இளங்குதிரை இரண்டடி விலகியது. கடியும் இல்லை, உதையும் இல்லை. நெடுநாள் சேர்ந்து வாழும் குதிரைகளிடையே சண்டை பெரும்பாலும் இந்தக் காதசைவோடு முடிந்துவிடும். வயதும் அந்தக் கூட்டத்தில் கழித்த காலமும்தான் பெரும்பாலும் அவற்றின் வரிசையைத் தீர்மானிக்கின்றன.

ஜூன் 12, வியாழன்

லாரி வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

குதிரைக்கூட்டத்தைக் காட்டித் தலைமைப் பண்பைக் கற்பிக்கும் காணொளி ஒன்றை மருமகன் வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். பிடரி பறக்க ஆண்குதிரை முன்னால் பாய, மற்றவை பின்தொடர்வதாகப் படம். எரிச்சலாக இருந்தது. ஆண்குதிரை பெரும்பாலும் கூட்டத்தின் பின்னால்தான் வரும். தலையை நிலத்தோடு தாழ்த்தி, விலகிப்போகும் பெண்குதிரைகளை மடக்கித் திருப்பும். அப்படியானால் மூத்த பெண்குதிரைதான் தலைவி என்று நானும் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். கட்டற்றுத் திரியும் கூட்டங்களைப் பொறுமையாகக் கவனித்தவர்கள் அதையும் முழுதாக ஏற்பதில்லை. நீரை நோக்கியோ புல்லை நோக்கியோ முதலடி வைப்பது வளர்ந்த எந்தக் குதிரையாகவும் இருக்கலாம். மற்றவை உடன் நடந்தால் கூட்டம் நகரும், நடக்காவிட்டால் முதலடி வைத்த குதிரையும் திரும்பி வந்துவிடும்.

2015 டிசம்பர் மழையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் ஏறியபோது சங்கத் தலைவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே இருந்தார். தரைத்தளத்துப் பெரியம்மா ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அரைமணி நேரத்தில் கீழே ஒருவரும் இல்லை. (அதே பெரியம்மா முந்தைய மாதம் சீட்டுப் பிடிக்கக் கூப்பிட்டபோது ஒருவரும் சேரவில்லை. அதையும் எழுதி வைப்பதுதான் நியாயம்.)

ஜூன் 18, புதன்

இரவு ஒன்பது மணிக்கும் கேரம் பலகையைச் சுற்றிப் பையன்கள் நிற்கிறார்கள். தறுதலைகள் என்று மூன்றாம் மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். குதிரைகளிலும் ஆண்குட்டிகள் இரண்டு மூன்று வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறி, தங்களைப் போன்றவற்றோடு ஒரு தனிக் குழுவாகச் சில ஆண்டுகள் திரியும்; பொய்ச்சண்டை போடும், துரத்தும், மோதும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு முடிந்து சண்டை தொடங்குகிறது என்பதை அங்கேதான் கற்கின்றன. பலகை போடவும் இடமில்லாத ஊருக்குப் போனால் இந்தப் பையன்கள் எங்கே நிற்பார்கள்?

ஜூன் 19, வியாழன்

குலுக்கல் முடிந்தது. எனக்கு மூன்றாம் பிளாக், ஐந்தாம் தளம். எதிர்வீட்டு அக்காவுக்குப் பதினோராம் பிளாக்.

ஜூன் 20, வெள்ளி

மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கப் போனோம். "விழுந்த நம்பர் விழுந்ததுதான் மேடம், லிஃப்ட் இருக்குதில்ல" என்று மேசைக்குப் பின்னாலிருந்தவர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். அக்கா பேருந்தில் ராயபுரம் வரும்வரை பேசவில்லை; இறங்கும்போது, "உனக்கு வாங்கின மத்தி கெட்டுப்போயிருக்கும்" என்றார்.

நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதியில் திரியும் குதிரைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. அங்கே ஒரு கூட்டத்திலுள்ள பெண்குதிரைகள் பெரும்பாலும் உறவினர் அல்ல. ஒவ்வொன்றும் பிறந்த கூட்டத்தை விட்டு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அவற்றுள் தோழமை வலுவாக அமைந்தவற்றை ஆண்குதிரைகள் குறைவாகவே தொல்லைப்படுத்தின. அவை அதிகக் குட்டிகளை ஈன்றன, அந்தக் குட்டிகளும் அதிகமாகப் பிழைத்தன. அக்கா தூத்துக்குடிப் பக்கம், நான் ஆரணி. முப்பத்தோராண்டுகளாக எதிரெதிர்க் கதவு. என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதம் பள்ளிக்கு விடுப்பெடுக்காமல் நான் எப்படிச் சமாளித்தேன் என்பது அந்த மேசைக்காரருக்குத் தேவையற்ற விவரம்தான்.

பிரெவால்ஸ்கி என்னும் மங்கோலியக் காட்டுக்குதிரைகளின் கதை இன்று மனத்தைவிட்டு அகலவில்லை. இயற்கையில் அவை கடைசியாகத் தென்பட்டது 1969இல். விலங்கியல் பூங்காக்களில் பிழைத்தவற்றின் வாரிசுகளை 1992 முதல் மங்கோலியாவுக்குக் கொண்டுபோனார்கள். போன உடனே திறந்துவிடவில்லை. வேலியிட்ட வெளியில் குழுக்களாகப் பழகவிட்டு, நிலத்துக்கும் குளிருக்கும் ஒத்துப்போகச் செய்து, அந்தக் குழுக்களைத்தான் புல்வெளிக்கு அனுப்பினார்கள். குதிரைகளுக்குக் குலுக்கல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 23, திங்கள்

செம்பழுப்பை விற்றுவிட்டார்கள். காலையில் சின்ன யானை வண்டியில் ஏற்றினார்கள். ஏற மறுத்து மூன்று முறை பின்வாங்கியது. தெருமுனை திரும்பும்வரை வெள்ளையும் அதுவும் மாறிமாறிக் கனைத்தன.

ஜூன் 24, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு ஜன்னலில் நின்று பார்த்தேன், வெள்ளையும் தூங்கவில்லை. கால் மூட்டுகள் பூட்டிக்கொள்வதால் குதிரை நின்றபடியே அயர முடியும்; ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். படுத்தால் எழுந்து ஓட நேரமாகும் என்பதால், பக்கத்தில் இன்னொன்று விழித்து நின்றால்தான் பெரும்பாலும் துணிந்து படுக்கும். இளங்குதிரைதான் அருகில் இருக்கிறது. அதன் காவலை இது நம்பவில்லை போலும்.

குதிரைக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு நாள்ல பழகிடும் டீச்சர்" என்றார்.

ஜூன் 26, வியாழன்

புதிதாக ஒரு கறுப்புக் குதிரை வந்திருக்கிறது. நேற்றிலிருந்து கொட்டகையில் ஒரே அமளி: கீச்சுக் குரல், தகரத்தில் உதை, இளங்குதிரையின் தொடையில் பல் பதிந்த இரண்டு வளைவுகள். காதசைவில் முடிந்த விவகாரமெல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. அங்கே போனதும் எந்தக் குடத்துக்குப் பின்னால் எந்தக் குடம் என்று நாங்களும் சண்டை போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும், வரிசையே இருக்காது என்கிறார்கள். அது இன்னும் மோசம் என்று அக்காவிடம் சொன்னேன், சிரித்தார்.

ஜூன் 28, சனி

பிடரி முடிந்து முதுகு மேடேறும் இடத்தில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்சின் கமார்க் குதிரைகளில் அளந்து 1993இல் எழுதினார்கள். குதிரைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெள்ளைக்கு அந்த இடத்தில் நகத்தால் சொறிந்துவிட்டேன். மேலுதடு நீண்டு துடித்தது. பிறகு தலையைத் திருப்பி என் தோள் புடவையைப் பல்லால் மெல்லப் பற்றிச் சொறியத் தொடங்கியது. ரவிக்கை கிழிந்தது. தைத்துத் தருகிறேன் என்று அக்கா ஊசி தேடினார். ஊசி டப்பா எந்தப் பெட்டிக்குள் போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

நாளை ஆறு மணிக்கு வண்டி. ஊசி டப்பா இன்னும் கிடைக்கவில்லை.