மணிக்கு வந்த இனிஷியல்

இரவு ஒன்றே முக்கால். வெளியே மைனஸ் 18. கனடாவில், ஸ்கார்பரோவிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு மாட்டாஸ்பத்திரி. (வேறு எப்படிச் சொல்வது? ஊரில் அதுதான் பெயர். இங்கே ஒரு மாட்டையும் பார்த்ததில்லை.) கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள். முதலில் "மணி". அதை ஒட்டி என் அப்பாவின் பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா போய் மூன்று வருடமாகிறது.

மணி என் பூனை. இங்கே பூனைக்கும் நாய்க்கும் வளர்ப்பவரின் குடும்பப் பெயரைச் சேர்த்துத்தான் பதிவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயர்தான் இருந்தது. வங்கியிலும் ஆபீஸிலும் பத்து வருடமாக என்னையே அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அது பழகிவிட்டது. ஆனால் ஒரு பூனைக்கு? அடுக்களைப் பக்கம் பூனை வாலைக் கண்டாலே விளக்குமாற்றைத் தேடிய மனிதர் அவர். அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் செய்தும் ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பெயர் அது. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளி, "நீ சொல்லுய்யா" என்பாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கே கை வரவில்லை. அந்தப் பெண் மட்டும் இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள், இன்னும் பலமாக.

நடந்தது இதுதான். முந்தின மாதம்தான் அபார்ட்மென்டிலிருந்து ஒரு வீட்டின் பேஸ்மென்டுக்கு மாறினோம். இடம் சின்னது, மணி ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போகிற மண்தொட்டியை வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தோம். மெஷின் சுற்ற ஆரம்பித்தால் அவன் பாதியில் எழுந்து ஓடுவான். நாங்கள் சிரிப்போம். ஒரு வாரம் முன்னால், ஊரிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த பத்தமடைப் பாயில் ஒண்ணுக்குப் போய்விட்டான். ஓரமாக லேசாக ரோஸ் நிறம். பாய் போச்சே என்ற ஆத்திரத்தில் நிறத்தை யார் பார்த்தது? கத்தினேன். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்றைக்குச் சாயங்காலம் தொட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். குந்துவான், முதுகை வளைத்து முக்குவான், மண்ணைப் பறிப்பான், இறங்குவான். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போவான். அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் குளியல் தொட்டியில் போய்க் குந்தி, அதுவரை நான் கேட்டிராத அடிக்குரலில் ஒரு சத்தம் போட்டான். மலச்சிக்கல் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். என் மனைவி விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடி எடுத்து வைத்தாள். அம்மாவுக்கு வாட்ஸாப்பில் போட்டால், "நீர்க்கடுப்பா இருக்கும்யா, சிறுநெருஞ்சி முள்ளு கெடைக்குமா அங்க?" என்றாள். நோயைச் சரியாகச் சொன்னவள் அவள்தான், ஏழு கடல் தாண்டி இருந்துகொண்டு.

மாடி வீட்டு அக்கா யாழ்ப்பாணம். இரண்டு பூனை வளர்க்கிறவர். ஏதோ பார்சல் கொடுக்க இறங்கி வந்தவர், அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, உவன் ஆண் பூனையெல்லோ? கடைசியா எப்ப ஒண்டுக்குப் போனவன்?"

எனக்குத் தெரியவில்லை.

"தெரியேல்லையோ? அப்ப இப்பவே கொண்டு ஓடுங்கோ. விடியுமட்டும் வச்சிருக்கக் கூடாது."

ஊரில் எந்தப் பூனை எங்கே ஒண்ணுக்குப் போனது என்று யாராவது பார்த்ததுண்டா? கொல்லையில் சாம்பல் குவியல் இருந்தது. தெருவில் யார் வீடு கட்டினாலும் ஆற்று மணல் கொட்டிக் கிடந்தது. அதற்கு வேண்டியதை அது பார்த்துக்கொண்டது. மீன் தலையும் கருவாட்டு முள்ளும் தின்று, ஓட்டின் மேல் படுத்துக் கிடந்தது. நோய் வந்தாலும் எங்கேயோ போய் முடிந்திருக்கும், நமக்குத் தெரிந்திருக்காது, "பூனையைக் காணலையே" என்று ஒரு வாரம் பேசியிருப்போம். மணி வெயிலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன். தின்பது முழுக்க உலர்ந்த உருண்டைத் தீனி. எடை 6.8 கிலோ.

டாக்டர் அவன் அடிவயிற்றை அமுக்கிவிட்டு என் விரலையும் வைக்கச் சொன்னார். உள்ளே சாத்துக்குடி போலக் கெட்டியாக ஒன்று. நிறைந்துபோன மூத்திரப்பை. ஆண் பூனைக்கு நீர் வெளியேறும் குழாய் நுனிக்கு வர வர ஒடுங்கிவிடும். சளியும் பொடிக்கற்களும் சேர்ந்து தக்கை போல அங்கே அடைத்துக்கொள்ளும். பெண் பூனைகளுக்கு இந்த அடைப்பு மிக அரிது. முழுக்க அடைத்துவிட்டால் சிறுநீரகம் வேலை செய்வது நின்று, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு குறையும். ஓரிரு நாளில் ஆளையே முடித்துவிடுமாம். வலி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்டார். டைலனால் (ஊரில் பாரசிட்டமால்) பாதி கொடுக்கலாமா என்று கேட்க இருந்தவன் நான், வாயை மூடிக்கொண்டேன். பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனை உடம்புக்குக் கிடையாது, ஒரே மாத்திரைகூடக் கொன்றுவிடும் என்று பிற்பாடு படித்தபோது கை நடுங்கியது.

அப்புறம் ஒரு தாள் வந்தது. 3,200 முதல் 4,100 டாலர் வரை. ரூபாயில் பெருக்கக் கூடாது என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். பெருக்கினேன். இரண்டரை லட்சத்தை ஒட்டி வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் கொடுத்து, டியூப் நுழைத்து, உப்புநீரால் அடைப்பைத் தள்ளிக் கழுவினார்கள். இரண்டு நாள் டியூப் அப்படியே இருந்தது, கடைசியில் ஒரு பை. அடைப்பு நீங்கினதும் உடம்பு மடை திறந்ததுபோல நீரை வெளியே தள்ளுமாம். அதற்கு ஈடாக நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும், அதனால் போவதையெல்லாம் அளக்கிறார்கள். நான் போன் போட்டு, "எத்தனை மில்லி?" என்று கேட்டேன். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். ராத்திரி எழுந்தும் கேட்டேன்.

அப்பாவுக்குக் கடைசி எட்டு மாதம் டியூப்தான். புராஸ்டேட். தம்பி தினமும் பையை வடித்து அளந்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவான். காலை 600. சாயங்காலம் 750. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிடுவேன். ஒரு நாள் 200 என்று வந்தது. அதற்கும் கட்டைவிரல்தான் போயிருக்கிறது. போன வாரம் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன்.

சரி, மணி மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு, சுவரிலெல்லாம் முட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குக் கால் முளைத்ததுபோல. அவனுடைய பொடிக்கற்கள் ஸ்ட்ருவைட் வகை. மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. தனித் தீனியிலேயே கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் என்றால் கரையாது, கத்திதான். கிருமி எதுவும் இல்லை. இளம் பூனைகளுக்குக் கிருமியால் வருவது குறைவாம், பல நேரம் காரணம் மனசு என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து டோனி பஃபிங்டன் இதிலேயே பல வருடம் வேலை செய்திருக்கிறார். வீடு மாறினால், வேளை மாறினால், ஒளிய இடமில்லாமல் போனால் சில பூனைகளுக்கு மூத்திரப்பை புண்ணாகிறது, சூழலைச் சரி செய்தால் குறைகிறது. வீடு மாறி வந்தால் அடிவயிறு கலங்கும் என்பதை எனக்கு ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை. வந்த முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பேஸ்மென்டே அவனுக்காக மாறிவிட்டது. ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, மெஷினுக்கு எதிர்ச் சுவரில். வாசனை போட்ட மண்ணை நிறுத்தியாயிற்று. ஈரத் தீனி, அதிலும் ஒரு கரண்டி வெந்நீர். பாலைவனத்துக் காட்டுப்பூனை வம்சமாம், தாகம் அவ்வளவாகத் தெரியாதாம், தண்ணீரைச் சாப்பாட்டோடுதான் உள்ளே தள்ள வேண்டும். ஓடுகிற தண்ணீர் என்றால் குடிப்பான் என்று ஒரு குட்டி நீரூற்றும் வாங்கினோம். ராத்திரி அது களகளவென்று ஓடும்போது கன்னடியன் கால்வாய் மதகு ஞாபகம் வரும், எழுந்து எனக்குத்தான் ஒண்ணுக்கு வருகிறது.

காப்பிக்கு முன்னால் தொட்டியைச் சலிக்கிறேன். இந்த மண் ஈரம் பட்ட இடத்தில் கட்டியாகிவிடும். கட்டியை எண்ணி, காலண்டரில் குறிக்கிறேன். நாளுக்கு இரண்டு மூன்று, எலுமிச்சை அளவுக்கு மேல் இருந்தால் நிம்மதி. கடுகு கடுகாக நிறைய இருந்தால் கலக்கம். ஒன்றுமே இல்லாமல் முக்கினால் காரை எடுக்க வேண்டியதுதான்.

அந்த இனிஷியல் விஷயத்தை அம்மாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. போன ஞாயிறு வீடியோவில் சொல்லிவிட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவுக இருந்திருந்தா வெளக்கமாத்த எடுத்திருப்பாக" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் கோழி கத்துவது மட்டும் கேட்டது.

"இன்னைக்குப் போனானா?"

"போனான்."

"எத்தன?"

"மூணும்மா."

"பெருசா?"